மேல்நோக்கு நாளுக்காகக் காத்திருந்த முட்டைகள்

எங்கள் வீட்டு இன்குபேட்டரில் இப்போது நூறு நாட்டுக்கோழி முட்டை வைத்தால் எண்பதுக்குக் குறையாமல் குஞ்சு வருகிறது. எப்படிச் செய்கிறீர்கள் என்று விராலிமலைப் பக்கத்திலிருந்தெல்லாம் போன் போட்டுக் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். முட்டையை ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், வெக்கை இல்லாத இடத்தில் வையுங்கள், கூர்முனை கீழே இருக்கட்டும், அழுக்கு இருந்தாலும் தண்ணீரில் கழுவாதீர்கள். அவ்வளவுதான் விஷயம். இந்த நாலு வரியைத் தெரிந்துகொள்வதற்குள் நான் என் அக்காவை வீட்டை விட்டுப் போக வைத்துவிட்டேன். போனில் கேட்பவர்களிடம் அதைச் சொல்வதில்லை.

ஆவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் லாரி ஓட்டிவிட்டு, தேய்ந்துபோன முதுகெலும்போடு திரும்பி வந்தவன் நான். உட்கார்ந்து செய்கிற வேலையாக ஏதாவது வேண்டும் என்று ஐந்நூறு முட்டை பிடிக்கிற பெட்டி ஒன்றை நாமக்கல்லிலிருந்து வரவழைத்தேன். எங்கள் பக்கம் நாலு கோழி இல்லாத வீடு கிடையாது. கோழி அடைக்கு உட்கார்ந்தால் மூன்று வாரம் முட்டையிடாது, குஞ்சோடு அலைகிற காலத்தில் இன்னும் இரண்டு மாதம் இடாது. அந்த முட்டைகளை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பொரித்துக் கொடுப்பது என் வேலை. மூன்று குஞ்சில் ஒன்று எனக்கு, இரண்டு முட்டைக்காரருக்கு. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பெட்டி வந்த அதே மாதம் அக்காவும் வந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் கட்டுமாவடியிலிருந்து திருச்சிக்கு மினி வேனில் மீன் ஏற்றிப் போகிறவர். கீரனூர் தாண்டி, காலை ஏழு மணிக்கு, நின்றுகொண்டிருந்த டிப்பர் மேல் மோதிப் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இனிமேல் இங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய் என்று அவள் மாமியார் வீட்டில் கேட்டுவிட்டார்கள். ஒரே ஒரு துணிப்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வந்த புதிதில் மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால்தான் சாப்பிட வருவாள்.

பெட்டியில் முட்டையைத் தானாகச் சாய்த்துத் திருப்பும் மோட்டார் இரண்டாம் வாரமே நின்றுபோனது. ரிப்பேர் செய்ய ஆள் வருகிறேன் வருகிறேன் என்று போனிலேயே காலத்தை ஓட்டினான். கையால்தான் திருப்ப வேண்டும் என்றானபோது, எனக்கு ஒரு வேளை நினைவிருக்கும், இரண்டு வேளை மறந்துபோகும். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அக்கா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்து பெட்டிக் கதவைத் திறந்து திருப்ப ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பெட்டி இருந்த அறை அவளுடையதாகிவிட்டது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டாள். விடிந்ததும் ஒரு தடவை, பத்து மணிக்கு, மூன்று மணிக்கு, படுக்கப் போகும் முன் ஒரு தடவை. தண்ணீர்த் தட்டு வற்றவிட மாட்டாள். ஏழாம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடியதைத் தனியாகவும் கூமுட்டையைத் தனியாகவும் பிரிப்பாள். வெப்பமானியைப் பார்ப்பதோடு நிற்காமல் முட்டையை எடுத்துக் கண்ணிமை மேல் வைத்தும் பார்ப்பாள். பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு, முதல் ஓடு உடையும் வரை அறையில் யாரையும் சத்தம் போட விட மாட்டாள். என்னையும்தான்.

முதல் வருஷம் பிரமாதமாகப் பொரித்தது. குஞ்சு வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்: அந்த அக்காவுக்குக் கைராசி. எங்கள் பக்கம் இதை லேசாகச் சொல்ல மாட்டார்கள். விதை போட, கன்று கட்ட, கடை திறக்க என்று கைராசிக்காரரைத் தேடிப் போய்க் கூப்பிடுவார்கள். முட்டைக் கூடையை என்னிடம் கொடுக்காமல், அக்கா எங்கே என்று கேட்டு, அவள் வந்து கையில் வாங்கிய பிறகுதான் திரும்பிப் போவார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் தலை நிமிர்ந்து தெருவில் நடந்தாள். சந்தைக்குப் போய்வரும் பெண்கள் அவளை நிறுத்திப் பேசினார்கள். ஒருநாள் அவள் சிரித்ததைக் கேட்டு என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு இடம் கிடைத்திருந்தது, அது அந்த அறைதான்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி என்னுடையது, பேர் அவளுடையது. சம்பாதித்த காசைப் போட்டு வாங்கியவனை ஒருத்தரும் கேட்கவில்லையே என்று இருந்தது. சின்னப் புத்தி. ஆனால் இருந்தது.

அடுத்த சித்திரையில் வெயில் கொளுத்தியது. அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்த மாதம் பாதிதான் பொரித்தது. வெயில் காலத்தில் யாருக்கும் குறையத்தான் செய்யும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. யூடியூபைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒருவர் வெப்பமானியை மாற்று என்றார், மாற்றினேன். இன்னொருவர் ஈரச் சாக்கைத் தொங்கவிடு என்றார், தொங்கவிட்டேன். மூன்றாமவர் சாக்கே ஆகாது, பூஞ்சை பிடிக்கும் என்றார், கழற்றி எறிந்தேன். அக்கா நான் கழற்றியதையும் மாட்டியதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் நாள்காட்டிப் பைத்தியம். வெளிநாட்டில் இருந்தபோதும் வருஷா வருஷம் ஊரிலிருந்து தினசரிக் காலண்டர் வரவழைத்து அறையில் மாட்டிவைத்தவன். தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று போட்டிருக்குமே, அதைப் பார்க்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டேன். கிணறு தோண்டக் கீழ்நோக்கு நாள். மாடு வாங்கச் சமநோக்கு நாள். மரக்கன்று நட, சுவர் எழுப்ப மேல்நோக்கு நாள். குஞ்சு என்பது ஓட்டை உடைத்து மேலே வருவதுதானே, அப்படியானால் முட்டை வைக்கவும் மேல்நோக்கு நாள்தான் சரி என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். வளரும் உயிர் என்பதால் வளர்பிறையாகவும் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆகாது, அஷ்டமி நவமி ஆகாது, கரிநாள் ஆகாது. இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் மாதத்துக்கு இரண்டு நாள் தேறியது. சில மாதம் ஒன்று. எந்தச் சாமியாரும் ஜோசியரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. முழுக்க முழுக்க என் சொந்த மூளை.

முட்டை அது பாட்டுக்குத் தினமும் வந்துகொண்டிருந்தது. பெட்டியில் பாதி காலியாகக் கிடக்கும். முட்டைகள் கூரைக்கு அடியில் கூடையில் தவிட்டுக்கு மேல் காத்திருக்கும். பத்து நாள், பதினைந்து நாள், ஒரு தடவை பதினெட்டு நாள். அக்காதான் முதலில் சொன்னாள்.

"முட்டை பழசாவுதே தம்பி. கோழி என்ன காலண்டரப் பாத்தா அடைக்கு ஒக்காருது?"

கோழியும் பதினைந்து நாள் முட்டையிட்டுச் சேர்த்துவிட்டுத்தானே உட்காருகிறது என்று நான் மடக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். நாள் பார்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா, உன் வாழ்க்கையைப் பார்த்துமா பேசுகிறாய் என்று கேட்டுவிட்டேன். சுள்ளென்று பேசிவிட்டுப் பிறகு வருந்துகிற ஜாதி நான், வருந்தியதை வெளியே சொல்லவும் மாட்டேன். உண்மையில் அவள் கல்யாணம் நாள், நட்சத்திரம், ஓரை எல்லாம் பார்த்து நடந்தது. முகூர்த்த ஓலை எழுதியபோது நானே பக்கத்தில் இருந்தேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வைகாசியில் குறைந்தது. ஆனியில் இன்னும் குறைந்தது. ஏழாம் நாள் டார்ச் அடித்தால் சில முட்டைகளில் நரம்புக்குப் பதிலாக ரத்த வளையம் மட்டும் தெரியும், அதாவது கரு கூடிச் செத்துவிட்டது. தப்பிப் பிழைத்ததில் பல, இருபத்தோராம் நாள் ஓட்டில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு அதற்கு மேல் உடைக்கத் தெம்பில்லாமல் உள்ளேயே கிடக்கும். அலகு மட்டும் வெளியே தெரியும். கொஞ்ச நேரம் அசையும், பிறகு அதுவும் இருக்காது. உதவி செய்கிறேன் என்று ஓட்டைப் பிரித்தால் ரத்தம் வரும். கொல்லையில் குழி தோண்டி அதையெல்லாம் கொட்டுவது அக்கா. கொட்டும் முன் ஒவ்வொரு முட்டையாக உடைத்துப் பார்ப்பாள், எத்தனையாவது நாளில் நின்றிருக்கிறது என்று. அந்த நாற்றத்தில் குந்தியபடி மணிக்கணக்கில் பார்ப்பாள். கண்டுபிடிக்க முயன்றது அவள் ஒருத்திதான். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வரும், என் தோல்வியை விரல் விட்டு எண்ணுகிறாள் என்று.

ஆடி கழிந்த சமயம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி நாற்பது முட்டை கொடுத்து ஏழு குஞ்சு வாங்கினாள். கையிலிருந்த அட்டைப் பெட்டிக்குள் ஏழையும் பார்த்துவிட்டு, முட்டையை உள்ளே வைப்பது யார் என்று என் மனைவியிடம் கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கையை மாற்றிப் பாருங்களேன், புருஷனை வாரிக்கொடுத்த கை, பிள்ளை தூக்காத கை என்றாள். போன வருஷம் இதே கையைக் கைராசி என்று கொண்டாடியவள். அக்கா அறைக்குள்தான் இருந்தாள், கதவு சாத்தியிருக்கவில்லை.

நான் அந்தப் பெண்ணை வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். கை மேல் தப்பு இல்லை என்றால் நாள் மேல் தப்பு, நாள் மேல் தப்பு என்றால் அது என் மேல். அக்காவின் கை எனக்கு வசதியாகக் கிடைத்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு அறைக்குள் வர வேண்டாம், சனங்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள், அடங்கட்டும் என்றேன். நேராகப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தபடி சொன்னேன். அவள் மறுத்துப் பேசுவாள் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"அப்ப யாரு திருப்புவா?" என்று மட்டும் கேட்டாள்.

என் மனைவி பார்த்துக்கொள்வாள் என்றேன். பென்சிலை அலமாரியில் வைத்துவிட்டு அக்கா வெளியே வந்தாள்.

என் மனைவி சமையலுக்கும் மாட்டுக்கும் நூறுநாள் வேலைக்கும் நடுவில் திருப்ப வேண்டும். இரண்டு வேளைதான் முடிந்தது. தண்ணீர்த் தட்டு வற்றும். நாள் பார்ப்பதை நான் விடவில்லை. ஆகவே இன்னும் மோசமாகப் போனது. இப்போதாவது, அக்கா தொடாமலும் பொரிக்கவில்லையே என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கை தொடாவிட்டால் என்ன, காலையில் கூடை கொண்டு வரும்போது முதலில் அந்த முகத்தில்தானே முழிக்கிறோம் என்று பேச ஆரம்பித்தார்கள். அக்கா காலையில் ஆட்கள் வருகிற நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்விடுவாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மழை பெய்த நாளிலும் மாட்டுக் கொட்டகையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் அவள் கிளம்பினாள். ஆதனக்கோட்டையில் முந்திரிக் கொட்டை வறுத்து உடைக்கிற இடத்தில் அவள் புகுந்த ஊர்ப் பெண் ஒருத்தி வேலை செய்தாள், அங்கே அறை இருக்கிறதாம். ரெண்டு மாசம் இருந்து பாத்துட்டு வாரேன் என்றாள். வர மாட்டாள் என்று மூன்று பேருக்கும் தெரியும். என் மனைவி என்னைத் தனியாக இழுத்து, போக வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அக்காவை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் மெயின்ரோட்டில் விட்டேன். அதே துணிப்பைதான். வரும் வழியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

தை மாதம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி போட கால்நடை ஆய்வாளர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். வயசானவர், பேச்சு குறைவு. பெட்டியைக் காட்டிப் புலம்பினேன். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. கூடைக்குப் பக்கத்தில் குந்தி ஒரு முட்டையை எடுத்து என் டார்ச்சிலேயே அடித்துக் காட்டினார். அகன்ற முனையில் காற்றுப் பை பெரிதாக இருந்தது. இது எத்தனை நாள் முட்டை என்றார். பதினாறு என்றேன். எதற்கு இத்தனை நாள் என்றார். நாளுக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெட்டி நிறைய சேரட்டும் என்று பொய் சொன்னேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஏழு நாளுக்கு மேல் போகப் போக முட்டைக்குள் ஈரம் வற்றும், கருவின் உயிர் குறையும். இந்தக் கூரை வெக்கையில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, ராத்திரி குளிரில் நின்று, மறுநாள் மறுபடி ஆரம்பித்துச் செத்துப்போகும். கோழி பதினைந்து நாள் சேர்க்கிறதே என்று கேட்டேன். கோழி நிழலான இடத்தில் இடும், தினமும் வந்து காலால் புரட்டிவிடும், எண்ணிக்கையும் குறைவு, உன் கூடையில் யார் புரட்டினார்கள் என்று கேட்டார். அக்கா அறைக்குள் வந்துகொண்டிருந்த வரைக்கும் கூடையில் இருந்த முட்டைகளையும் அவள்தான் தினமும் புரட்டிக்கொண்டிருந்தாள். அதனால்தான் கொஞ்சமாவது பொரித்திருக்கிறது.

அடுத்த நாளே காலண்டரைப் பார்க்காமல், ஐந்து நாளுக்கு மேற்பட்டதையெல்லாம் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு வைத்தேன். அன்று தேய்பிறை நவமி, கீழ்நோக்கு நாள். கூடையை வீட்டுக்குள் நெல் மூட்டைக்குப் பக்கத்தில், தரை குளிர்ச்சியாக இருக்கும் இடத்துக்கு மாற்றினேன். புதுக்கோட்டை போய் ஆளைக் கையோடு கூட்டி வந்து திருப்பும் மோட்டாரைச் சரிசெய்தேன். இருபத்தோராம் நாள் காலையில் அறைக்குள் போனால் கீச்கீச்சென்று காதை அடைக்கிறது. தட்டுக் கொள்ளாமல் ஈரம் உலராத குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. நான் கதவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை, பயமாக இருந்தது.

குஞ்சு வாங்க முதலில் வந்தது அந்தப் பக்கத்துத் தெருப் பெண்தான்.

"நான் அப்பவே சொல்லல? கை நகந்துச்சு, பொரிச்சிருச்சு பாத்தீங்களா."

இதை எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் சொன்ன பிறகு பார்த்தால், ஊரார் கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்? அக்கா இருந்தாள், பொரிக்கவில்லை. அக்கா போனாள், பொரித்தது. கூடை எங்கே இருந்தது, எத்தனை நாள் இருந்தது என்பதெல்லாம் யார் கண்டார்கள்? அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். என் நாள்காட்டிப் பைத்தியத்தால் உங்கள் முட்டைகள் அழுகின என்று சொல்ல வேண்டியிருக்கும். எட்டு மாதம் அவர்கள் கொடுத்த கூடை கூடையான முட்டைகளை நான்தான் குழியில் கொட்ட வைத்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் குஞ்சை எண்ணி அவள் அட்டைப் பெட்டியில் போட்டேன். மாசி, பங்குனி, சித்திரை என்று மாதாமாதம் நன்றாகப் பொரித்தது. மாதாமாதம் அந்தப் பேச்சு ஊரில் வலுத்தது. என் மனைவிக்கு விஷயம் தெரியும். அக்காவிடமாவது போய்ச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை.

ஆவணியில் எங்கள் பங்காளி வீட்டில் காதுகுத்து. அக்காவும் வந்திருந்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை கறுத்து, விரல் நுனித் தோல் உரிந்திருந்தது. முந்திரி ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டால் அப்படித்தான் ஆகும். சமையல் நடக்கிற இடத்தில் பெண்கள் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். விசேஷ வீட்டில் சும்மா நிற்கத் தெரியாத அக்கா அண்டாப் பக்கம் உட்கார்ந்து கையை உள்ளே விடப் போனாள். அங்கிருந்த ஒருத்தி அவள் கையைத் தடுத்தாள்.

"நீங்க அரிசில கைய வைக்க வேணாம்க்கா, அங்கிட்டு ஒக்காருங்க. ஒங்க தம்பி பொரிப்புலயே பாத்துட்டமே."

மெதுவாகத்தான் சொன்னாள், மரியாதையாகக்கூடச் சொன்னாள். நான் பத்தடி தள்ளிப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் அப்போதுதான் இலை போட்டிருந்தார்கள். நான் குனிந்து இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் எழுந்து அங்கிட்டுப் போய் உட்கார்ந்தாள், சாப்பிடாமல் மத்தியான பஸ்ஸில் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஆதனக்கோட்டைக்குப் போனேன். தஞ்சாவூர் ரோட்டோரம் வரிசையாகக் கீற்றுக் கொட்டகைகள், வறுக்கிற புகை கண்ணைக் கரித்தது. அக்கா கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கட்டையால் கொட்டைகளைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். வா என்றாள், உட்காரச் சாக்கை இழுத்துப் போட்டாள், ஒரு கை உடைந்த பருப்பைக் காகிதத்தில் வைத்துத் தந்தாள். வேலையை நிறுத்தவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேல்நோக்கு நாள், கூடை, கூரை வெக்கை, ஆய்வாளர் காட்டிய காற்றுப் பை. நீ அன்றைக்கே சொன்னதுதான் சரி, முட்டை பழசானதுதான் காரணம் என்றேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை. அத்தனை முட்டையை உடைத்துப் பார்த்தவளுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நீ வந்து ஒரே ஒரு தடவ முட்டைய வச்சுக் குடுக்கா. ஊரே பாக்கட்டும். பொரிச்சிருச்சுன்னா எல்லார் வாயும் அடஞ்சிரும்."

"என் கைய சோதிச்சுப் பாக்கவா கூப்புடுறே?"

"சோதன இல்லக்கா. ஒன் கைல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொன்னால் நம்பியிருப்பாள், நம்பவும் விரும்பியிருப்பாள். தையில் என்று சொன்னேன்.

கட்டை நின்றது.

"அப்ப காதுகுத்துல, தெரிஞ்சுக்கிட்டேதான் எலையத் தொடச்சுக்கிட்டு இருந்தியா?"

ரோட்டில் லாரி ஒன்று போகிற சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"நெறயப் பொரிச்சப்ப நல்ல கைன்னாங்க. பொரிக்காதப்ப கெட்ட கைன்னாங்க. எங்க அக்கா நாளைக்கு நாலு தடவ எந்திரிச்சுத் திருப்புது, அதான் பொரிக்குதுன்னு அன்னக்கி நீ ஒருத்தனாவது சொன்னியா தம்பி? நான் வரல. பஸ் வந்துரும், நீ கெளம்பு."

காகிதத்தில் இருந்த பருப்பை மடித்து என் சட்டைப் பையில் திணித்தாள், பிள்ளைகளுக்குக் கொடு என்று. விரல்கள் சொரசொரவென்று இருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்து புதுக்கோட்டை வரும் வரை அழுதேன். பக்கத்தில் இருந்தவர் என்ன சாவா என்று கேட்டார்.

ஊருக்கு வந்ததும் சொல்ல ஆரம்பித்தேன். குஞ்சு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தப்பு என்னுடையது, நாள் பார்க்கிறேன் என்று முட்டையைக் கெடுத்தது நான், அக்கா கையால்தான் அன்றைக்குக் கொஞ்சமாவது பொரித்தது என்றேன். டீக்கடையில் நாலு பேருக்கு நடுவே சொன்னேன். அந்தப் பக்கத்துத் தெருப் பெண்ணைத் தேடிப் போய் அவள் வாசலில் நின்று சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. கூடப்பிறந்தவளை விட்டுக்கொடுக்க மனசு வராதுதான் என்றார்கள். அக்கா மேல் வந்த பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான் பார், இந்தக் காலத்தில் எந்தத் தம்பி செய்வான் என்று என்னைப் புகழ்ந்தார்கள். சொல்லச் சொல்ல நான் நல்லவனாகிக்கொண்டே போனேன்.

புரட்டாசியில் மறுபடி பெட்டி நிறைய முட்டை வைத்தேன். ஒரு முடிவோடுதான் ஆரம்பித்தேன். மோட்டாரை நிறுத்திவிடலாம், தண்ணீரை வற்றவிடலாம், அக்கா இல்லாமலும் பொரிக்காமல் போகிறது என்று ஊர் பார்க்கட்டும் என்று. இரண்டாம் நாள் சுவிட்சில் கை வைத்தேன். உள்ளே இருப்பது இருபது வீட்டு முட்டை. அக்காவாக இருந்தால் இதைச் செய்வாளா என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டுத் தண்ணீர்த் தட்டை நிரப்பினேன்.

இருபத்தோராம் நாள் எண்ணிப் பார்த்தோம். பெட்டி வாங்கிய நாளிலிருந்து அவ்வளவு குஞ்சு எங்களுக்குப் பொரித்ததே இல்லை.